கூடத்துக்குள் ஒரு நெடுந்தூரப் பயணம்

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவர் அவர். எந்த வண்டி எப்போது கிளம்பி, எங்கே எவ்வளவு நேரம் நின்று, எப்போது போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பிழைப்பு. ஓட்டுநர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'டைம்டேபிள்' என்பார்கள். முகத்துக்கு நேரே அதையே சொல்லி ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. உலகத்தில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் மூக்கை வைத்தும் தொப்பையை வைத்தும் வருகிறது. தனக்குத் திறமையை வைத்து வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது அவர் ஒரு பழைய வேனை வாங்கினார். ரொட்டிக் கம்பெனி வேன். கதவைத் திறந்தால் இன்னும் வெண்ணெய் வாசனை அடித்தது. அதற்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து வீடாக மாற்றி, மனைவியோடு ஊர் ஊராகப் போவதாகத் திட்டம். ஊரே தான் போட்ட அட்டவணைப்படி போய் வந்துகொண்டிருக்க, தான் மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை என்பது அவருக்கு ரொம்ப நாள் குறை.

மனைவி கணக்கு டீச்சர். திட்டத்தைக் கேட்டதும் "போலாமே" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டைம்டேபிள் மளமளவென்று படம் வரைய ஆரம்பித்துவிட்டார். "போலாமே"யில் எத்தனை விதம் உண்டு என்று ஆராயும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

வண்டிகளுக்கு உள்வேலை செய்து தரும் பட்டறை, டயர் கடைகளும் பெயிண்ட் கடைகளும் வரிசை கட்டி நிற்கும் ஒரு தெருவில் இருந்தது. காதில் பென்சில் செருகிய பட்டறைக்காரர் வேனுக்குள் ஏறி, சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனார்.

"இது கட்டில். இது அடுப்பு மேடை. சக்கரத்து மேல மேடு வருதுல்ல, அங்க தண்ணி டாங்கை உக்கார வச்சிடலாம். பின்கதவுகிட்ட இந்த மூலை டாய்லெட்டுக்கு. சின்ன பெட்டி மாதிரிதான் இருக்கும் சார். அடியில டப்பாவை உருவி வெளிய கொண்டுபோய்க் கொட்டிக்கலாம்."

"அது வேணாம்" என்றார் டைம்டேபிள்.

"வேணாமா? தூரமா போறவங்க மொத அதைத்தான் சார் கேப்பாங்க."

டைம்டேபிள் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் சொல்ல ஆசைப்படும் கதை ஒன்று இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஆபீஸ் கேன்டீனிலும் சொல்லிச் சொல்லி நன்றாகப் படிந்துபோன கதை.

"என் வீட்டுக்காரம்மா ஒட்டகம்ங்க. விடிகாலைல வண்டி ஏறினா போய்ச் சேர்ற வரைக்கும் 'நிறுத்துங்க'ன்னு ஒரு வார்த்தை வராது. என் டிரைவருங்க ஒருத்தனுக்கும் அந்தக் கன்ட்ரோல் கிடையாது. இவளுக்கு ஒரு மெடலே குடுக்கலாம்."

ஓரமாக வேலை செய்துகொண்டிருந்த வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். "குடுத்து வச்சவரு சார் நீங்க. எங்க வீட்டம்மாவை வச்சுக்கிட்டு தெருமுனை தாண்ட முடியாது."

பட்டறைக்காரரும் சிரித்தார். கீழே கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்த டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை டைம்டேபிள் ஒப்புதல் கையெழுத்தாக எடுத்துக்கொண்டார். பின்கதவு மூலையில் ஒரு மடக்கு மேஜையும், சாலை வரைபடங்கள் வைக்க இழுப்பறையும், சுழல் நாற்காலியும் வருவதாக முடிவானது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் அந்தச் சுழல் நாற்காலியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

பலகையை அறுப்பதற்கு முன் ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. புதிய வழித்தடத்தில் முதல் பேருந்து விடுவதற்கு முன் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில்லையா. ஒரு விடுமுறை நாளுக்கு முந்தின மாலை, கூடத்துச் சாமான்களை ஓரம் கட்டிவிட்டு, வேனின் முழு அளவுக்குத் தரையில் டேப் ஒட்டினார். சக்கர மேடுகளுக்கு இரண்டு சூட்கேஸ்கள். அடுப்பு மேடைக்கு இஸ்திரிப் பலகை. ஃபிரிட்ஜுக்குக் கதவு வைத்த ஒரு குட்டி அலமாரி. கட்டிலுக்கு மெத்தை. முன்னால் இரண்டு சாப்பாட்டு நாற்காலிகள். பிறகு இடுப்பில் கை வைத்து நின்று அறிவித்தார்:

"நாளைக்குக் காலைல வண்டி கிளம்புது. நாள் பூரா இந்தக் கோட்டுக்குள்ளதான். எது இடிக்குது, எது எட்டலை, எல்லாம் இப்பவே தெரிஞ்சுக்கணும்."

கல்லூரியில் படிக்கும் மகள் வண்டியில் சேர மறுத்துவிட்டாள். கோட்டுக்கு வெளியே சோபாவில் படுத்துக்கொண்டு, தான் இயற்கைக் காட்சி என்றாள்.

காலையில் வண்டி கிளம்பியது. ஸ்டியரிங் இல்லாதது குறையாகப் பட்டதால் டைம்டேபிள் ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் பக்கத்து நாற்காலியில், வெளியூர் போகும்போது உடுத்தும் உடையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். மகள் அதைப் பார்த்து, "அம்மா, நீ நெஜமாவே கிளம்பிட்டியா?" என்றாள். "சும்மா இருடி, உங்கப்பா கவனம் செதறும்" என்றார் டீச்சர்.

ஒத்திகை அருமையாக நடந்தது. மெத்தையை விரித்தால் ஃபிரிட்ஜ் கதவு திறக்காது என்று தெரிந்தது. ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் சட்டை மாற்ற முடியாது என்று தெரிந்தது. ஒவ்வொரு குறை தெரியவரும்போதும் டைம்டேபிளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவரே இஸ்திரிப் பலகையில் ஃபிளாஸ்க்கை வைத்து எல்லோருக்கும் டீ ஊற்றினார். தான் ஒன்று குடித்தார். பயணக் களைப்பு தெரியாமல் இருக்க இன்னொன்றும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஓரமா நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு, டேப்பைத் தாண்டி குளியலறைக்குப் போய், கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

இயற்கைக் காட்சி தலையைத் தூக்கியது. "அப்பா, இப்ப எங்க போனீங்க?"

"அதான் ஓரமா நிறுத்தினேனே. ஒரு மரத்துப் பக்கம்."

"அம்மாவுக்கு எந்த மரம்?"

"உங்கம்மாவுக்கு எதுக்கு மரம்? அவ ஒட்டகமாச்சே."

"ஒட்டகம் கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்ட தண்ணி குடிக்கும்பா. அம்மா ஒரு வாய்கூட குடிக்கல. அந்த டீயப் பாருங்க."

பார்த்தார். டீ ஆறி, மேலே ஆடை படிந்து, ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் நின்றது.

"ஏம்மா, ஏன் குடிக்கல?" என்றார்.

"வண்டி கிளம்பிடுச்சில்ல" என்றார் டீச்சர்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கை தானாக வாய்க்குப் போனது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் குளியலறைக் கதவு தெரிந்தது. வாசலில் கால்மிதி கிடந்தது. டைம்டேபிள் அணைக்க மறந்த விளக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் சொந்த வீட்டில், சொந்தக் கூடத்தில், சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்போலேர்ந்தும்மா?" மகள் எழுந்து உட்கார்ந்தாள். குரலில் இப்போது கேலி இல்லை.

"நேத்து சாயங்காலம் அப்பா 'நாளைக்கு வண்டி கிளம்புது'ன்னாருல்ல." டீச்சர் சிரிக்கப் பார்த்தார். உதடு காய்ந்திருந்ததால் சிரிப்பு சரியாக வரவில்லை. "பைத்தியம் மாதிரி இருக்கு. நான் ஒண்ணும் யோசிச்சு செய்யலடி. அதுவா நின்னுடுச்சு."

டைம்டேபிளுக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, வாதம். வெட்கம் எப்போதும் அடுத்த வண்டியில்தான் வரும்.

"கேட்டா நிறுத்த மாட்டேனா? நான் என்னிக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கேனா?"

"நிறுத்துவீங்க" என்றார் டீச்சர். "நல்லாவே நிறுத்துவீங்க. நிறுத்திட்டு வாட்ச்சைப் பாப்பீங்க. பின்சீட்டுல உங்க அண்ணன், மச்சான் எல்லாரும் இறங்கி நின்னு சோம்பல் முறிப்பாங்க. 'என்ன, யாருக்கு?'ன்னு ஒருத்தர் கேப்பாரு. நீங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி பதில் சொல்லுவீங்க. அப்புறம் நான் எங்க போறது? நீங்க போன மரத்துக்கா?"

"பெட்ரோல் பங்க்ல..."

"சாவி மேனேஜர்கிட்ட இருக்கும். மேனேஜர் சாப்பிடப் போயிருப்பாரு."

டைம்டேபிள் தாங்கள் சேர்ந்து போன ஒவ்வொரு பயணத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தார். எங்கெங்கே நின்றோம், எவ்வளவு நேரம் நின்றோம், எவ்வளவு முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம் என்று எல்லாம் துல்லியமாக ஞாபகம் வந்தது. அவள் எங்கே போனாள் என்பது மட்டும் ஒரு பயணத்திலும் இல்லை. போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு வரும் தலைவலி ஞாபகம் வந்தது. 'உனக்கு வெளியூர்க் காத்தே ஆகாது' என்று தான் மாத்திரை எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. போன வருஷம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பார்க்க வந்தவர்களிடம் 'வீடு கட்டறதுக்கு இப்பவே ஜல்லி சேக்கறா' என்று சொல்லிச் சிரிக்க வைத்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். தலையாட்டியவர் டைம்டேபிள்தான்.

பணிமனையில் அவர் அட்டவணை போடும்போது, வண்டி நிற்கிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுவார். அது சங்கத்துக்காரர்கள் சண்டை போட்டு வாங்கிய உரிமை. வீட்டில் சங்கம் இல்லை.

காது சுட்டது. கையில் இன்னும் சாப்பாட்டுத் தட்டு இருப்பதைப் பார்த்தார். அதைக் கீழே வைத்தால் தான் இவ்வளவு நேரம் வைத்திருந்தது தெரிந்துவிடும் என்பதுபோல வைத்துக்கொண்டே நின்றார். பிறகு, எல்லா ஆண்களையும் போல, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு செய்யக் கிளம்பினார். போனை எடுத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்.

"ஆங், நான்தாங்க, ரொட்டி வேன். அந்தப் பின்பக்க மூலை... மேஜையை நிறுத்தி வைங்க. டாய்லெட்டே போட்டுடுங்க. இல்ல, இல்ல, எனக்கில்ல. வீட்டுல அவங்களுக்குக் கொஞ்சம் உடம்பு... டாக்டர் சொல்லியிருக்காரு. ஆமா, வயசாகுதில்ல. சரிங்க."

வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்த முகத்தோடு திரும்பினார்.

இயற்கைக் காட்சி எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"எனக்கு என்ன வியாதி?" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்டவனைக் கரும்பலகைக்குக் கூப்பிடும் குரல் அது.

"இல்ல, சும்மா, ஒரு காரணம் சொல்லணுமேன்னு..."

"மொதல்ல ஒட்டகம். இப்ப நோயாளி. நடுவுல மனுஷி எங்கயாச்சும் வர்றாளா? எனக்கு மூத்திரம் வரும். அவ்வளவுதான். உங்களுக்கு வருது, அந்த வெல்டருக்கு வருது, எனக்கும் வருது. இதுக்கு டாக்டர் சீட்டு வேணுமா?"

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. யாருக்காவது கேட்டிருக்குமோ என்று ஜன்னல் பக்கம் பார்த்தார். பார்த்ததற்காக உடனே வெட்கப்பட்டார். அவள் அதையும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்து இன்னும் வெட்கப்பட்டார்.

"அன்னிக்குப் பட்டறையில எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் டீச்சர். "நானும் கூட சேந்து சிரிச்சேன் பாருங்க, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. கேட்டுக்குங்க. இனிமே நான் தண்ணி குடிச்சிட்டுத்தான் வண்டி ஏறுவேன். சொன்ன எடத்துலயே போய் சொன்னதை மாத்திச் சொல்லுங்க. முடியாதுன்னா நீங்களும் மேஜையும் போய்ட்டு வாங்க. நான் வரல."

பிறகு எழுந்து டேப்பைத் தாண்டிக் குளியலறைக்குப் போனார். போகிற வழியில் அந்தப் பாட்டிலை எடுத்து, நின்ற வாக்கில் பாதியைக் குடித்தார்.

அடுத்த வார விடுமுறையில் இருவரும் அந்த வேனிலேயே பட்டறைக்குப் போனார்கள். வழியெல்லாம் டைம்டேபிள் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டே சொல்வதா, சாதாரணமாகச் சொல்வதா. பட்டறைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் கணக்கில் சேருமா. பக்கத்து சீட்டில் டீச்சர் மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மடக்கும் அவர் காதில் விழுந்தது.

"வாங்க மேடம்" என்று பட்டறைக்காரர் ஓடி வந்து ஸ்டூல் போட்டார். "உக்காருங்க, உக்காருங்க. உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

டீச்சர் உட்காரவில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டைம்டேபிள். சத்தம் போதவில்லை. வெல்டர் என்னவோ ஏதோ என்று பக்கத்தில் வந்து நின்றார். "நான் போன்ல சொன்னது பொய். அன்னிக்கு ஒட்டகம்னு சொன்னதும்... அதுவும் தப்பு. எங்கயும் போக வழியில்லன்னு அவங்க தண்ணியே குடிக்காம வந்திருக்காங்க. இத்தனை காலமா. எனக்குத் தெரியல. நான் அதை ஜோக்கா சொல்லிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெல்டர் பற்ற வைக்க ஒன்றுமில்லாமலேயே முகமூடியை இறக்கிக்கொண்டார். பட்டறைக்காரர் காதுப் பென்சிலை எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடி செருகினார்.

"எங்க வீட்லயும் பஸ்ஸுக்குன்னா பாட்டிலை விட்டுட்டுத்தான் வருவா" என்றார் மெதுவாக. "பையில கனம் வேணாம்னு நினைக்கறான்னு இருந்தேன்."

டீச்சர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வேனுக்குள் ஏறினார். பின்கதவு மூலையில் ஒரு காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்க ஆரம்பித்தார். கதவு உள்ளே திறக்குமா, வெளியேயா. எழுந்திருக்கக் கைப்பிடி எந்தப் பக்கம். "மேல ஒரு ஃபேன் வைங்க. கொஞ்சம் சத்தம் போடற ஃபேனா இருக்கட்டும்." ஏன் என்று டைம்டேபிள் கேட்க வாயெடுத்து, பாதியில் புரிந்து, மூடிக்கொண்டார். கழுத்துவரை சூடு ஏறியது. பட்டறைக்காரர் மட்டும் "நல்ல யோசனை மேடம்" என்று சொல்லிக் கோடு போட்டுக்கொண்டார்.

எல்லாம் பேசி முடித்து இறங்கிய டீச்சர் உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"சரி, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

பட்டறைக்காரர் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் பட்டறையின் பின்சுவரைப் பார்த்தார். அந்தச் சுவர் ஒரு குறிப்பிட்ட உயரம்வரை நிறம் மாறியிருந்தது.

"இங்க எல்லாம் ஆம்பளைங்கதாங்கறதால..." என்று ஆரம்பித்த பட்டறைக்காரர் முடிக்கவில்லை. ஊர் பூராவுக்கும் வண்டிக்குள் கழிப்பறை வைத்துக் கொடுக்கிற மனிதர் அவர்.

"வண்டில ஏறு, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டைம்டேபிள்.

"வீடு வரைக்கும் தாங்காது. ஒரு பாட்டில் முழுசா குடிச்சிருக்கேன்." டீச்சர் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "போய்க் கேட்டுட்டு வாங்க."

"யார்கிட்ட?"

"யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட."

அவர் தெருவில் இறங்கினார். தோளில் மனைவியின் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்கு டயர் கடை வாசலில்தான் உறைத்தது. "டாய்லெட் இருக்கா?" என்றார். "பின்னாடி போங்க சார்" என்றான் கடைக்காரன். "எனக்கில்ல, என் மனைவிக்கு." "லேடீஸுக்கா? இல்ல சார்." உள்ளே டயர் உருட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெயிண்ட் கடையில் முதலாளி, வராத ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டார். அடுத்த கடையில் "எதுக்கு?" என்று கேட்டார்கள். பதிலுக்குத் தோளில் தொங்கிய பையைக் காட்டினார். ஒவ்வொரு வாசலிலும் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு இடத்தில், கேட்காமலேயே திரும்பிவிட்டார். திரும்பிய பிறகுதான் தோன்றியது, இப்படித் திரும்பி வருவது அவளுக்கு எத்தனை தடவை நடந்திருக்கும் என்று.

தெருக்கோடியில் ஒரு அச்சகம். வாசல் ஓரமாக உட்கார்ந்து ஒரு பெண் நோட்டு அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்க பாத்ரூம் இருக்குமா? என் வீட்டுக்காரம்மாவுக்கு."

அந்தப் பெண் நிமிர்ந்து ஆளைப் பார்த்தார், தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "அவங்க எங்க?"

"பட்டறைல உக்காந்திருக்காங்க."

"அவங்களை உக்கார வச்சிட்டா ஊரை விசாரிக்கறீங்க? ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க." பசைக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "தாழ்ப்பாள் உடைஞ்சு கிடக்கு. நீங்க வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும்."

டைம்டேபிள் ஓடினார். பணிமனையில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

அச்சகத்தின் பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்தது அந்தத் தகரக் கதவு. டீச்சர் உள்ளே போனார். டைம்டேபிள் கதவு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். காகிதம் இறக்க வந்த இரண்டு ஆட்கள் அவரைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"யாருங்க நீங்க? இங்க என்ன பண்றீங்க?"

காது மறுபடி சுட ஆரம்பித்தது. ஏதாவது ஒரு காரணம் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"என் மனைவி உள்ள இருக்காங்க" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "பாத்ரூம் போயிருக்காங்க. நான் கதவைப் பிடிச்சிட்டிருக்கேன். கொஞ்சம் அந்தப் பக்கமா போங்க."

ஆட்கள் போய்விட்டார்கள். தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அதைத் தெருவுக்கெல்லாம் ஒலிபரப்ப வேணாம். கதவை மட்டும் பிடிங்க."

"சரிம்மா."

"நம்ம வண்டிக்குத் தாழ்ப்பாள் நல்லதா பாத்து வாங்கணும்."

"வாங்கிடலாம்" என்றார் டைம்டேபிள். "நீ மெதுவா வா."